எம்ஜிபி 1969: சோக் இழுத்தால் திரும்பிப் போக மறுக்கிறது, கேபிளையே மாற்றணுமா?

பச்சைரோட்ஸ்டர்:
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1969 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 1798 சிசி இன்ஜின், இரட்டை கார்புரேட்டர், எஸ்யூ கம்பெனியின் எச்எஸ்4 மாடல். இருப்பது இங்கிலாந்தில், மார்ச் வந்தும் காலைக் குளிர் விட்டபாடில்லை, சோக் (குளிரில் ஸ்டார்ட் ஆகப் பெட்ரோலைக் கூட்டிவிடும் டேஷ்போர்டு குமிழ்) இழுக்காமல் ஸ்டார்ட் ஆகாது. இழுக்கும்போது கொஞ்சம் கரகரவென்று வந்துவிடும். இன்ஜின் சூடானதும் உள்ளே தள்ளினால்தான் பாதியில் நின்றுகொள்கிறது, உள்ளங்கையால் அழுத்தி, குமிழை அப்படி இப்படித் திருகித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. முழுக்க உள்ளே போன மாதிரி தெரிந்தாலும் சைலன்சரில் கரும்புகை, சிக்னலில் நின்றால் பெட்ரோல் நாற்றம், பிளக் கழற்றிப் பார்த்தால் கரி. கேபிள் முனையில் ஸ்ப்ரே ஆயில் அடித்தால் கொஞ்ச நாள் சரியாக இருக்கும், அப்புறம் பழைய கதைதான். புது கேபிள் ஆர்டர் போட்டுவிடலாமா?

எஸ்யூபித்தன்:
பொறுங்கள், ஆர்டர் போடுவதற்கு முன்னால் சிக்குவது கேபிளா கார்புரேட்டரா என்று பார்த்துவிடலாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து, கார்புரேட்டர் பக்கம் கேபிளைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, கம்பியை விடுவித்துவிடுங்கள். இப்போது டேஷ்போர்டில் குமிழை மட்டும் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். அப்புறம் சோக் லிவரைக் கையால் அசைத்துவிட்டு விடுங்கள், ஸ்பிரிங் அதை டக்கென்று திருப்பி இழுக்க வேண்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், எஸ்யூவில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு கிடையாது. சோக் இழுத்தால் கீழேயுள்ள ஜெட், அதாவது பெட்ரோல் வரும் சின்னக் குழாய், இறங்குகிறது, அதற்குள் நிற்கும் ஊசி மேலிருந்து கீழே வரவர மெலிந்துகொண்டு போவதால் நடுவில் இடைவெளி பெரிதாகி பெட்ரோல் அதிகம் வருகிறது. ஜெட் மேலே திரும்பாவிட்டால் குமிழை எவ்வளவு அழுத்தினாலும் சோக் போட்டபடி ஓட்டுவதாகத்தான் கணக்கு. உங்கள் கரும்புகையைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான்.

இன்னொன்று, குமிழைப் பலமாக அழுத்தாதீர்கள். உள்ளே இருப்பது ஒற்றைக் கம்பி, இழுக்கத்தான் லாயக்கு, தள்ளினால் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் வளைந்துவிடும். வளைந்த கம்பி இன்னும் மோசமாகச் சிக்கும்.

கராஜ்வாசி:
பித்தன் அண்ணன் சொன்னதோடு அவுட்டர், அதாவது கேபிளின் வெளியுறை, போகும் வழியையும் பாருங்கள். பயர்வால் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடு) துளையில் ரப்பர் இல்லாமல் தகட்டில் உரசுகிறதா, எக்ஸாஸ்ட் பக்கம் போய்ச் சூடு வாங்குகிறதா, எங்கேயாவது சுருக்கென்று மடங்கியிருக்கிறதா? என் வண்டியில் யாரோ மிச்ச நீளத்தை ஒரு சுற்று சுற்றி டை போட்டுக் கட்டியிருந்தார்கள், அவிழ்த்து விட்டதும் பாதிப் பிரச்சினை போய்விட்டது. அப்புறம் கேபிளுக்குள் கெட்டி கிரீஸ் வேண்டவே வேண்டாம், குளிரில் பசையாகிவிடும். கிராஃபைட் தூள்தான் என் கட்சி.

எஸ்யூபித்தன்:
தூள் நல்லதுதான், ஆனால் அது துருவை எடுக்காது தம்பி. முதலில் கம்பியை உருவித் துடைக்கணும், அப்புறம் தூளோ லேசான எண்ணெயோ அவரவர் விருப்பம்.

பச்சைரோட்ஸ்டர்:
சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். இரண்டிலுமே கோளாறு! கேபிளைக் கழற்றிய பிறகும் குமிழ் கரகரத்தது. லிவரை அசைத்தால் முன் கார்புரேட்டர் ஜெட் ஒழுங்காக ஏறுகிறது, பின்னால் உள்ளது பாதியில் நிற்கிறது, ஜெட் தலைக்கும் மேலேயுள்ள நட்டுக்கும் நடுவில் இடைவெளி கண்ணுக்கே தெரிகிறது. விரலால் கீழிருந்து தள்ளினால் ஏறிவிடுகிறது. கார்புரேட்டரைக் கழற்றணுமா?

எஸ்யூபித்தன்:
இப்போதைக்கு வேண்டாம். லிவரை முழுக்க இறக்கிப் பிடித்தால் ஜெட்டின் பித்தளைத் தண்டு வெளியே தெரியும். பெட்ரோலில் நனைத்த துணியால் அதைச் சுற்றித் துடையுங்கள், பழுப்பாக ஒரு படிவு வரும். உப்புத்தாள் போடாதீர்கள், கீறல் விழுந்தால் ஒழுகும். பிறகு ஒரு சொட்டு லேசான எண்ணெய் விட்டு, மேலும் கீழும் நாலு தடவை ஓட்டுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் கழற்றுவது.

கேபிளுக்கு வருவோம். கம்பியைக் குமிழோடு டேஷ்போர்டு பக்கம் உருவலாம், ஆனால் அதற்கு முன் ஸ்க்ரூ நசுக்கிய முனையை நிமிர்த்தி, அரத்தால் பிசிறைத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் வரும் வழியெல்லாம் அவுட்டரைச் சுரண்டிக்கொண்டே வரும். கம்பியில் விரல் ஓட்டிப் பாருங்கள், துரு மட்டும் என்றால் தேய்த்துத் திரும்பப் போடலாம், மடிப்பு இருந்தால் யோசிக்காமல் புதுசு வாங்குங்கள்.

மாட்டும்போது குமிழ் முழுக்க உள்ளே இருக்க, கேபிளில் ஒன்றரை மில்லிமீட்டர் தளர்ச்சி விடுங்கள். விறைப்பாகக் கட்டினால் ஜெட் முழுக்க ஏறி உட்காராது. சோக்கின் முதல் கொஞ்ச தூரம் ஐடிலிங்கை (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தை) மட்டும்தான் ஏற்றும், ஜெட் அப்புறம்தான் இறங்கும், அதையும் சரிபாருங்கள்.

பச்சைரோட்ஸ்டர்:
ஜெட் துடைத்ததும் ஏறிவிட்டது, இரண்டும் சேர்ந்தே டக் என்கின்றன. கம்பியில் பயர்வால் வளைவுக்கு நேராக ஒரு மடிப்பு, அதனால் புது கேபிள் போட்டாயிற்று. குமிழ் இப்போது ஒரு விரலில் போகிறது, திருப்பினால் பூட்டவும் செய்கிறது. புகையும் இல்லை. பித்தன் அண்ணனுக்கும் கராஜ்வாசிக்கும் நன்றி.

கராஜ்வாசி:
இவ்வளவு நாள் பெட்ரோல் அதிகம் குடித்து ஓடியிருக்கிறது, டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டே ஓட்டுங்கள், பிளக்கையும் துடைத்துவிடுங்கள்.

பச்சைரோட்ஸ்டர்:
அடிக்கிறது. நாளைக்கே மாற்றிவிடுகிறேன்.