கலிஃபோர்னியாவில் சொந்த கிளினிக்: 103 போதுமா, 104 வேண்டுமா?

டெக்சஸ்_எஃப்என்பி:
டெக்சஸில் 5 வருஷமாக ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் (குடும்ப நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதும், மேல்பயிற்சி பெற்ற நர்ஸ்; சுருக்கமாக என்பி). கலிஃபோர்னியாவுக்கு மாறுகிறேன். ஏபி 890 (என்பி-க்களுக்கு 103, 104 என்று இரண்டு படி வைத்த கலிஃபோர்னியா சட்டம்) வந்தபின் அங்கே டாக்டர் மேற்பார்வை வேண்டாமாமே? லைசென்ஸ் வந்ததும் சொந்தமாக கிளினிக் போடலாமா? இங்கே பார்த்த மணி நேரம் கணக்கில் சேருமா?

வளைகுடா_நர்ஸ்:
போட முடியாது, டெக்சஸ் மணியும் சேராது. கலிஃபோர்னியா நர்சிங் போர்டு உங்களை என்பி-யாக அங்கீகரித்த பிறகு, அந்த மாநிலத்திலேயே, நேரடியாக நோயாளி பார்த்த 4600 மணி வேண்டும். வாரம் 40 மணி என்றால் 115 வாரம். அதுவரை டாக்டரோடு சேர்ந்து எழுதிய ‘ஸ்டாண்டர்டைஸ்டு ப்ரொசீஜர்’ (என்னென்ன செய்யலாம், எப்படிச் செய்யலாம் என்ற எழுத்து நடைமுறை) இருந்தாக வேண்டும். முடித்தால் முதல் படியான 103 சான்றிதழ், அந்தக் காகிதம் போய்விடும். ஆனால் ஒரு டாக்டராவது இருக்கிற கிளினிக், மருத்துவமனை, ஹாஸ்பிஸ் (கடைசிக் கால நோயாளிகளைப் பராமரிக்கும் இடம்) மாதிரி இடத்தில்தான் வேலை. 103-ஆக 3 வருஷம் ஓட்டினால்தான் அடுத்த படியான 104, சொந்த கிளினிக் எல்லாம். 103 சான்றிதழே 2023-இல்தான் தொடங்கியது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஃபைல்_பார்ப்பவர்:
விண்ணப்பம் மாட்டிக்கொள்ளும் இடம் மணிக் கணக்குதான். உங்கள் சான்று ஃபேமிலி. வேலை முழுக்க மனநல கிளினிக்கில் என்றால் அந்த மணி எந்தப் பிரிவில் ஏறும் என்ற கேள்வி வரும். மணியை உறுதிசெய்து கையெழுத்துப் போடுகிறவரும் உங்கள் துறைக்காரராக இருக்க வேண்டும். சொந்தக்காரரோ உங்களோடு பணத் தொடர்பு உள்ளவரோ கூடாது. அவர் வேலை மாறிப் போய்விட்டால் தேடி அலைய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மணியை எழுதி வாங்கி வையுங்கள்.

மருந்து எழுத ஃபர்னிஷிங் நம்பர் (கலிஃபோர்னியா நர்சிங் போர்டு தரும் அனுமதி எண்) தனி. டெக்சஸ் டிஇஏ பதிவும் (கட்டுப்பாட்டு மருந்துகளை எழுத மத்திய அரசு தரும் பதிவு) கலிஃபோர்னியாவில் செல்லாது.

சால்ட்_அண்ட்_பெப்பர்:
104 என்றால் டாக்டர் பக்கமே போகாமல் இருக்கலாம் என்று நினைக்காதீர்கள். எதிர்பார்த்தபடி குணமாகாத கேஸ், காரணம் புரியாத லேப் முடிவு, நோயாளியே கேட்டால், இதிலெல்லாம் டாக்டரைக் கலந்தே ஆக வேண்டும். புது நோயாளியிடம் ‘நான் டாக்டர் இல்லை’ என்று அவருக்குப் புரியும் மொழியில் வாயால் சொல்ல வேண்டும்; ஸ்பானிஷ்காரர் என்றால் சட்டமே வார்த்தையைக் கொடுத்திருக்கிறது, ‘என்ஃபெர்மெரா எஸ்பெசியலிசாடா’ (சிறப்புப் பயிற்சி பெற்ற நர்ஸ்).

வாடகை போடும் முன் இன்னொன்று: சொந்தப் பெயரில் பில் போட்டால் மெடிகேர் (முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) தருவது டாக்டர் கட்டணத்தில் 85 சதவீதம். டாக்டருக்கு 100 டாலர் என்றால் உங்களுக்கு 85. 104 வாங்கினாலும் அது ஏறாது.

டெக்சஸ்_எஃப்என்பி:
அப்போ முதலில் டாக்டர் இருக்கிற குரூப்பில் வேலை தேடுகிறேன். மனநல வேலை வேண்டாம், ஃபேமிலி மட்டும்.