டைமிங் பெல்ட் அறுந்தது, பிரிக்காமலே 1,28,000 எஸ்டிமேட். சரியா?

கானாடுகாத்தான்காரன்

வணக்கம். போன வியாழக்கிழமை அப்பச்சியைத் திருச்சியில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். திருமயம் கோட்டை தாண்டியதும் எண்பதில் வந்த வண்டியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஸ்டியரிங் கல்லாகிவிட்டது, பிரேக்கும் இறுகிவிட்டது. உருட்டிக்கொண்டே போய் ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கினேன். சாவியைத் திருப்பினால் செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, விர்ரென்று சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. புத்திகெட்டுப்போய் நாலைந்து தடவை முயன்று பார்த்தேன்.

வண்டி 2014 மாடல், 1.5 லிட்டர் டீசல். ஓடியது 58,000 கி.மீ.தான். மாதத்தில் இரண்டு மூன்று நாள் ஓடும், மற்ற நாளெல்லாம் வீட்டு முகப்பில் துணி போர்த்தித் தூங்கும். அப்பத்தா அதை வாட்ச்மேன் என்றுதான் சொல்வார். பெல்ட் இதுவரை மாற்றியதே இல்லை. கிலோமீட்டர் வரவில்லையே என்று இருந்துவிட்டேன்.

காரைக்குடிக்கு இழுத்து வந்தோம். ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்து பார்த்ததோடு சரி, எஸ்டிமேட் வந்துவிட்டது: ஹெட் அசெம்பிளி (வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பாகம்), டர்போ (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் விசிறி), நாலு இன்ஜெக்டர் (டீசல் பீய்ச்சும் பாகம்) சர்வீஸ், டைமிங் கிட் (பெல்ட்டும் அதன் உருளைகளும்), லேபர், எல்லாம் சேர்த்து 1,28,000. வெளியில் ஒரு மெக்கானிக் அண்ணன் அறுபதுக்குள் முடிக்கலாம் என்கிறார். விற்றால் இரண்டரை லட்சம் போகுமாம். அடுத்த மாதம் அப்பச்சிக்கு சாந்தி (வயது நிறைவு விழா), வண்டி இல்லாமல் ஆகாது. யாரை நம்புவது?

பழைய ஸ்பேனர்

தம்பி, முதலில் யாரும் செல்ஃப் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது லேசாகச் சுற்றியதிலேயே கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றின் அமுக்கம்) இல்லை என்று தெரிந்துவிட்டது. இந்த எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்கு முறை வைத்து வந்து போகும். முறை வைப்பது பெல்ட். அது அறுந்தால் வால்வைத் திறந்து மூடும் கேம் தண்டு நின்றுவிடும், திறந்தபடி நிற்கும் வால்வைப் பிஸ்டன் மேலே வந்து இடிக்கும். எண்பதில் அறுந்திருக்கிறது, வளையாமல் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் எத்தனை வளைந்தது என்று பானெட்டைப் பார்த்துச் சொல்ல எவனாலும் முடியாது.

ஹெட்டை இறக்கிப் பார்க்க மட்டும் ஒரு தொகை பேசுங்கள். மேற்கொண்டு நீங்கள் சொன்ன பிறகுதான் வேலை என்று எழுதி வாங்குங்கள். இறக்கும்போது கூடவே நில்லுங்கள். பிஸ்டன் தலையில் பிறைநிலா மாதிரி வெட்டுத் தடம் இருக்கும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்டைக் கவிழ்த்து, காற்று வந்துபோகும் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றினால் எந்த வால்வ் கசிகிறதென்று கண்ணாலேயே தெரியும். உங்கள் எஞ்சினில் மொத்தமே எட்டு வால்வ்தான் இருக்கும். வளைந்ததை மாற்றி, வால்வ் ஓடும் கைடு பார்த்து, அது உட்காரும் சீட் தேய்த்துக் கொடுக்க லேத் பட்டறை போதும். கேமும் ஹெட்டும் விரிசல் இல்லாமல் இருந்தால் புது அசெம்பிளி எதற்கு?

ஒன்று மட்டும் விடாதீர்கள். நாலு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து உயரம் அளக்கச் சொல்லுங்கள். ஒன்று தாழ்ந்திருந்தால் அந்தப் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது. அப்போது கணக்கே வேறு.

தேவகோட்டை டீசல்

அண்ணன் சொன்னது சரி. பில்லில் எதற்குச் சண்டை போடுவது என்று நான் சொல்கிறேன், ஒரு தடவை சூடு பட்டவன்.

வாட்டர் பம்ப், டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டை இறுக்கி வழிநடத்தும் உருளைகள்), புது ஹெட் போல்ட், கேஸ்கெட், கூலன்ட், ஆயில் இவற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஹெட் போல்ட் ஒரு முறை இறுக்கினால் நீண்டுவிடும் ரகம். வாட்டர் பம்ப்பை அதே பெல்ட்தான் சுற்றுகிறது. ஆறு மாதத்தில் அது இறுகினால் புது பெல்ட்டையும் கூட்டிக்கொண்டு போகும். வெளியே ஓடும் ஏ.சி., ஆல்டர்னேட்டர் பெல்ட்டையும் பாருங்கள். அது நார் நாராகப் பிய்ந்து கவருக்குள் நுழைந்தே டைமிங் பெல்ட்டைக் கெடுத்த வண்டிகள் உண்டு. உங்களுக்கு அப்படி இருந்தால் மூல காரணமே வேறு.

டர்போ எதற்கு? வால்வ் தலை ஒடிந்து துண்டு எக்ஸாஸ்ட் வழியாகப் போயிருந்தால் ஒழிய, பெல்ட் அறுந்ததற்கும் டர்போவுக்கும் சம்பந்தமில்லை. இன்ஜெக்டர் சர்வீஸும் அப்படித்தான். அப்புறம், உதிரி பாகத்துக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் கேளுங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் 18தான். இன்சூரன்ஸை எதிர்பார்க்க வேண்டாம். விபத்தில்லாமல் தானாகக் கெட்ட பாகத்துக்குச் சாதாரண ஃபுல் இன்சூரன்ஸ் தராது.

செக்காலைவாசி

இரண்டரை லட்சம் வண்டிக்கு ஒன்றே கால் லட்சமா! இருக்கிற நிலையில் கொடுத்துவிட்டு சாந்திக்கு வாடகை வண்டி எடுங்கள்.

பழைய ஸ்பேனர்

@செக்காலைவாசி, ஓடாத வண்டிக்கு இரண்டரை எவன் தருவான்? ஆக்கர் (பழைய இரும்பு) விலைதான் கேட்பான். ஓடினால் வரும் விலைக்கும் இப்போது கேட்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் ரிப்பேர் செலவோடு ஒப்பிட வேண்டும்.

கானாடுகாத்தான்காரன்

எல்லாருக்கும் நன்றி. முதல் ஒர்க்‌ஷாப்பில் பார்த்த கூலி கொடுத்து வண்டியை எடுத்து, மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். ஹெட் இறக்கும்போது நானும் அப்பச்சியும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தோம். வெளி பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. டைமிங் பெல்ட் முதுகெல்லாம் வெடிப்பு, பல் வரிசையாக மொட்டை. கிலோமீட்டர் வராவிட்டாலும் வருஷம் வந்துவிட்டது என்றார் அண்ணன். எட்டில் ஐந்து வால்வ் வளைவு. பிஸ்டனில் தடம் மட்டும்தான், நாலும் ஒரே உயரம். டர்போவைக் கையால் சுற்றிக் காட்டினார், ஆட்டம் இல்லை. லேத் வேலை, கிட், வாட்டர் பம்ப், எல்லாம் சேர்த்து 54,600.

நேற்று குன்றக்குடி வரை ஓட்டிப் பார்த்தோம், சத்தம் சுத்தம். அப்பச்சி பெல்ட் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் கணக்கு நோட்டில் ஏற்றிவிட்டார். வளைந்த ஐந்து வால்வையும் மஞ்சப்பையில் போட்டு வாங்கி வந்திருக்கிறார். எதற்கென்று கேட்டால் பதில் இல்லை.