உங்கள் ஊர் எந்தக் கணக்கில் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு வெவ்வேறு ஊர்க்காரர்கள் எழுதியவை இவை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுபது வீடு உள்ள ஊர் எங்களுடையது. கோயில் உண்டு, ஊருணி உண்டு, ஆரம்பப் பள்ளியும் உண்டு. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியலில் தேடினால் ஊர்ப் பெயரே வராது. அந்தப் பட்டியல் வருவாய்க் கிராமத்தை, அதாவது நில, வரிக் கணக்குக்காக அரசு பிரித்த எல்லையை, வைத்துப் போட்டது. நாங்கள் அதற்குள் அடங்கிய குக்கிராமம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தாய்க் கிராமத்தின் கணக்கில் எங்கள் தலைகளும் போய்விட்டன. ஊராட்சியின் பெயரோ மூன்றாவது ஒரு ஊருடையது.

ஏட்டில் எப்படி இருந்தால் என்ன என்றுதான் நினைத்திருந்தேன். தங்கையின் கல்லூரிச் சேர்க்கையின்போதுதான் உறைத்தது. ஆதாரில் எங்கள் ஊர்ப் பெயர், சாதிச் சான்றிதழில் வருவாய்க் கிராமத்தின் பெயர். கவுன்ட்டரில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "உனக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லத் தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டும் ஒரே இடம்தான் என்று விஏஓவிடம் எழுதி வாங்கிக் கொடுக்க இரண்டு நாள் அலைந்தோம்.

சாலை வந்த கதை வேறு. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் சமவெளிக் குடியிருப்பு என்றால் 500 பேராவது இருக்க வேண்டும். எங்களிடம் முந்நூறு சொச்சம்தான். 500 மீட்டருக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணலாம் என்று ஊராட்சி கிளர்க் சொன்னார். சரி என்று காலனி வீடுகளையும் சேர்த்துக் கணக்குக் காட்டினோம், தார் ரோடு வந்தது. கோயில் வரிக்கு ஒருநாளும் சேர்க்காதவர்களை ரோட்டுக்குச் சேர்த்துக்கொண்டோம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

*

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுப்புக்குப் போனவன். அந்த இருபது நாளும் ஊரில் இல்லாதவரை அங்கே எழுதக் கூடாது, அவர் இருக்கும் இடத்தில் எழுதிக்கொள்வார்கள் என்பது எங்களுக்குச் சொல்லித் தந்த விதி.

ஒரு வீட்டில் பாட்டி மட்டும் இருந்தார். மகன், மருமகள், இரண்டு பேரன்கள் எல்லாரும் திருப்பூர் பனியன் கம்பெனியில். "அஞ்சு பேருன்னு எழுதுங்க சார்" என்றார். விதியைச் சொன்னேன். உள்ளே போய் மஞ்சள் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து வந்தார். ஓரமெல்லாம் கிழிந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பெயரின் மேலும் விரலை வைத்து, "இந்தா, அஞ்சு பேரு இருக்கே" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வரியில் எந்தப் பிள்ளை என்று தெரிந்திருந்தது.

நான் ஒன்று என்றுதான் எழுதினேன். கிளம்பும்போது கேட்டார்: "போன மாசம் பொங்கலுக்கு எல்லாரும் வந்திருந்தாங்களே சார், அப்ப வந்திருக்கக் கூடாதா நீங்க?"

அந்தத் தெருவில் அப்படி ஒன்று, இரண்டு என்று எழுதிய வீடுகள் நிறைய. இப்போது யாராவது கிராமத்தின் மக்கள்தொகை இவ்வளவு என்று சொன்னால் எனக்கு முதலில் அந்தப் பாட்டியின் விரல்தான் ஞாபகம் வருகிறது.

*

எங்கள் ஊர் நிலைமை நேர் எதிர். ஆள் பெருகிவிட்டது, பக்கத்து நகரத்தோடு இணைக்கப் போகிறார்கள் என்று 2025 தொடக்கத்தில் பேச்சு வந்தது. ஜனவரி 26 கிராம சபைக்கு வழக்கமாக முப்பது பேர்கூட வரமாட்டார்கள். அன்றைக்கு உட்கார இடமில்லை. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். நகரமாகிவிட்டால் நூறு நாள் வேலை கிடையாது, அதுதான் அன்று அவர்கள் பயம். அந்தக் கூலியில் மருந்து மாத்திரை வாங்கியவர்கள் என் தெருவிலேயே ஆறு பேர் இருந்தார்கள். வீட்டு வரி ஏறும் என்ற பேச்செல்லாம் அப்புறம்தான். இணைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். என் அம்மா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

*

கணக்கெடுப்புக்குப் போன ஆசிரியர் ஐயாவுக்குக் குக்கிராமத்திலிருந்து ஒரு கேள்வி. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ வைத்து எடுக்கிறார்கள். எழுத வருகிறவரிடம் குக்கிராமத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் கேட்கலாமா? படிவத்தில் அதற்கு இடம் இருக்குமா?