வெர்சாயில் அப்பா கேட்ட கேள்வி

மைசூர், உதய்ப்பூர் என்று நீங்கள் பார்த்துவந்த அரண்மனைகளைப் பற்றி இங்கே எழுதியதையெல்லாம் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. நான் பாரிஸில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும், பாரிஸுக்குப் பக்கத்தில் பிரெஞ்சு மன்னர்கள் வாழ்ந்த வெர்சாய் அரண்மனைக்குக் கூட்டிப்போவது என் வேலை. அப்படி ஏழெட்டு முறை போயாகிவிட்டது. ஆனால் அந்த இடத்தை நான் உண்மையாகப் பார்த்தது போன ஜூன் மாதம், அப்பா அம்மாவோடு போனபோதுதான்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊர் ஏரிக்கு அவர் முப்பது வருஷம் நீர்க்கட்டியாக இருந்தவர். மதகு திறப்பது, மூடுவது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைப்பது, கடைமடை காயாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சும் மண்வெட்டியுமாக அவர் கிளம்பிப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

சனிக்கிழமை காலையில் போனோம். உள்ளே நுழையவே ஒன்றரை மணி நேர வரிசை. எர்குலிஸ் கூடத்தில் நான் எப்போதும் ஒரு நிமிஷம் நிற்பேன். திப்பு சுல்தான் அனுப்பிய மூன்று தூதர்களைப் பதினாறாம் லூயி மன்னர் 1788 ஆகஸ்ட் 10 அன்று சந்தித்த இடம் அது. 1787-ல் அவர்கள் கப்பலேறியது நம் புதுச்சேரியில். அதைச் சொன்னதும் அம்மா தரையை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

அப்புறம் கண்ணாடிக் கூடம். 73 மீட்டர் நீளம், 17 சாளரங்கள், எதிர்ச்சுவரில் 357 கண்ணாடிகள். முதல் உலகப் போருக்குப் பின் 1919-ல் ஜெர்மனியோடு உடன்படிக்கை கையெழுத்தானது இங்கேதான். நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க, அப்பா கண்ணாடிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாளரத்தின் வழியே தோட்டத்தைப் பார்த்தபடி நின்றார். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்: "இது மேடா இருக்குதேடா. பக்கத்துல ஆறும் காணோம். தண்ணி எப்படி ஏறுது?"

அந்தக் கேள்வி எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

தோட்டத்துக்கு இறங்கினோம். 1661-லிருந்து தோட்டக் கலைஞர் ஆந்த்ரே லெ நோத்ர் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய தோட்டம். அன்றைக்கு நீரூற்றுகள் ஓடும் நாள். அந்த நாளில் தோட்டத்துக்குத் தனியாக டிக்கெட் வாங்க வேண்டும். அந்தக் காசு வீணாகாது. மரங்களுக்கு நடுவே ஒரு திருப்பத்தில், ஆளுயர இரும்புச் சாவியைத் தரைக்குள் விட்டு ஒருவர் முழு உடம்பையும் கொடுத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி நீர் சீறிக்கொண்டு எழுந்தது. அப்பா நேராக அவரிடம் போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் நான் மொழிபெயர்த்தேன். எங்கள் அப்பாவும் மதகு திறந்தவர்தான் என்று பிரெஞ்சில் சொன்னதும் அந்த மனிதரின் முகமே மாறிவிட்டது. வேலையை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். இந்தத் தோட்டத்தை உருவாக்கச் செய்த பதினான்காம் லூயி மன்னர் காலத்து வார்ப்பிரும்புக் குழாய்கள் பல இன்றும் மண்ணுக்கடியில் வேலை செய்கின்றன. மேட்டிலுள்ள தொட்டிகளிலிருந்து வரும் தண்ணீர் தன் பாரத்தாலேயே பீறிட்டு எழுகிறது. அங்கே நீரூற்றுக்கு மோட்டார் கிடையாது.

அப்பா கேட்டார்: "எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல தண்ணி பத்துச்சான்னு கேளு."

அந்த ஆள் சிரித்துவிட்டார். பத்தவே பத்தாதாம். அதனால் ராஜா நடந்து வரும் வழியில் இருப்பதை மட்டும் திறப்பார்களாம். ஒருவர் விசில் அடித்து அடுத்தவருக்குச் சொல்ல, ராஜா கடந்து போனதும் மூடிவிடுவார்களாம். "முறைத் தண்ணிடா இது!" என்று அப்பா என் தோளில் தட்டினார். அந்தச் சாவியைச் சிறிது நேரம் அவர் கையிலும் கொடுத்தார் அந்த மனிதர்.

புல்வெளியோரம் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததையும் போனில் தேடிப் படித்ததையும் அவருக்குச் சொன்னேன். சுற்றுவட்டார மேட்டுநிலங்களில் குளங்கள் வெட்டி மழைநீரைக் கால்வாய் வழியாகக் கொண்டுவந்தார்கள். அது போதவில்லை. 1684-ல் சேன் ஆற்றில் 14 ராட்சத நீர்ச்சக்கரங்களை வைத்து, இருநூறுக்கும் மேற்பட்ட பம்புகளால் தண்ணீரை 150 மீட்டருக்கு மேல் ஏற்றினார்கள். அதுவும் போதவில்லை. அடுத்த வருஷம் எர் என்ற தொலைதூர ஆற்றிலிருந்து கால்வாய் வெட்ட ஆயிரக்கணக்கான படைவீரர்களை இறக்கினார்கள். காய்ச்சல் வந்து ஏராளமானோர் செத்தார்கள். 1688-ல் போர் மூண்டதும் வேலை நின்றது; பிறகு அது முடியவே இல்லை. பாதியில் விட்ட நீர்ப்பாலம் மேந்த்தனோன் என்ற ஊரில் இன்றும் நிற்கிறது.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. "இவ்ளோவும் பூஞ்செடிக்கும் வேடிக்கைக்குமா? பயிருக்கு இல்லையா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

அம்மாவுக்குப் பிடித்தது ஆரஞ்சு மரங்கள். மரத்தொட்டிகளில் வளர்த்து, குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். "நம்ம ஊர்க் கிச்சிலிக்கு இங்க தனி வீடே கட்டியிருக்காங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கடைசியாக, 1,670 மீட்டர் நீளமுள்ள பெரிய கால்வாயின் கரை. ஊற்றுகளில் எழுந்த தண்ணீர் இங்கே வந்து சேர, இதைத்தான் இப்போது மறுபடி மேலே ஏற்றுகிறார்கள் என்றேன். அப்பா குனிந்து கையை நனைத்துக்கொண்டார்.

போகிறவர்களுக்கு ஒன்று: திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. நீரூற்று ஓடும் நாளையும் நேரத்தையும் பார்த்துக்கொண்டு போங்கள். இல்லையென்றால் வெறும் குளங்களைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். முதல் முறை எனக்கு அப்படித்தான் ஆனது.

அன்று ராத்திரி அப்பா ஊருக்குப் போன் போட்டார். கண்ணாடிக் கூடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. "விசில் அடிச்சி மடை திறந்திருக்கான்யா இங்க" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் சொன்னார். வைக்கும் முன் கேட்டார்: "சரி, நம்ம ஏரில இப்ப எவ்வளோ நிக்குது?"