தோடர் போர்வையான பூத்துக்குளியில் சிவப்பு இல்லையா? பென் எடுத்த படங்களை எவ்வளவு நம்பலாம்?

கேத்திக்காரன்:
ஊட்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஏ. டி. டபிள்யூ. பென் (1849–1924) எடுத்த, நீலகிரிப் பழங்குடியான தோடர்களின் படம் ஒன்று வாட்சப்பில் சுற்றுகிறது. போர்வையின் பூவேலைக் கோடுகள் எல்லாமே ஒரே கறுப்பு. ‘சிவப்பு இருந்திருந்தால் சாம்பல் நிறமாகவாவது விழுந்திருக்கும், ஆக சிவப்பு நூல் பிற்காலச் சரக்கு’ என்று ஒருவர் எழுத, ஆளாளுக்குக் கைதட்டுகிறார்கள். எனக்கும் சரியாகத்தான் படுகிறது. படம் பொய் சொல்லுமா?

பழைய நெகட்டிவ்:
நன்றாகவே சொல்லும் தம்பி. குன்னூரில் முப்பது வருஷம் ஸ்டூடியோ நடத்தியவன் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஃபிலிமுக்குப் பதில் இருந்த, கொலோடியன் என்ற பசை மருந்து பூசிய கண்ணாடி பிளேட்டுக்கு நீல வெளிச்சம்தான் தெரியும், சிவப்புக்கு அது குருடு. குங்குமமும் கரியும் ஒரே கறுப்பாக விழும். பின்னால் வந்த உலர் பிளேட்டும் ஆரம்பத்தில் இதே கதைதான். அதனால்தான் பழைய ஊட்டிப் படங்களில் சோலை கரிக்கட்டையாகவும், வானம் வெற்றுக் காகிதமாகவும் இருக்கிறது. சிவப்பு இருந்ததா இல்லையா என்று அந்தப் படத்தை வைத்து யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மந்துவழி:
நிறத்தை விடுங்கள் ஐயா. துரை, துரைசாணி படங்களுக்குக் கீழே பெயர் இருக்கும். எங்கள் ஆட்களுக்கு ‘தோடர் கூட்டம்’, அவ்வளவுதான். முகத்தைப் பாருங்கள், விறைத்துப்போய் நிற்கிறார்கள். பயம்.

பழைய நெகட்டிவ்:
விறைப்புக்கு நான் வேறு காரணம் சொல்வேன். கண்ணாடியில் கொலோடியனை ஊற்றி, சில்வர் நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். பத்து நிமிஷம் கிடைத்தால் அதிகம். வெளியூர் என்றால் இருட்டுக் கூடாரமும் கூடவே போகும். எடுக்கும்போது பல விநாடி ஆடாமல் நிற்க வேண்டும். ஸ்டூடியோவில் துரைசாணிக்கே கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவை வைப்பார்கள். அவளும்தான் விறைத்திருப்பாள்.

மந்துவழி:
அவள் காசு கொடுத்து, தன் வீட்டுச் சுவரில் மாட்ட விறைத்தாள். எங்கள் படம் எந்தச் சுவரில் தொங்கியது? 1873இல் மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி தோடர் மண்டையின் வடிவத்தை வைத்துக் குணம் கணித்துப் புத்தகமே போட்டார், படங்களோடு. கேமரா அந்தக் கூட்டத்தோடுதான் மலையேறியது.

கேத்திக்காரன்:
மார்ஷல் செய்ததற்குப் பென் மேல் வழக்கா? அந்த ஆள் பதினாறு வயதில், 1865 வாக்கில் இங்கே வந்தவர். ஸ்டூடியோ நடத்திய நிக்கோலஸ் சகோதரர்களிடம் வேலை பார்த்தார். தனிக்கடை போட்டது 1875இல். குன்னூருக்கே ரயில் வந்தது 1899இல்தான். அதுவரை கண்ணாடியும் மருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் உடையாமல் வர வேண்டும். கோடையில் மதராஸ் அரசாங்கமே இங்கே குடியேறும், வியாபாரம் நடக்கும். மழைக்காலத்தில் யார் வந்திருப்பார்கள்? அப்படியும் 1911 வரை தாக்குப்பிடித்தார். அவர் எடுக்காவிட்டால் உங்கள் பழைய மந்துகளை, அந்தத் தோடர் குடியிருப்புகளை, இன்று எதில் பார்ப்பீர்கள்?

மந்துவழி:
பார்ப்பதற்கு நன்றியும் சொல்ல வேண்டுமா? கடைக்காரர் விற்றார், சரி. கடைக்காரர் என்றே சொல்லுங்கள், ‘நீலகிரியின் வரலாற்றைக் காத்தவர்’ என்று மாலை போடாதீர்கள். ஒரு பென்சில் எடுத்து நாலு பெயர் எழுத எத்தனை விநாடி ஆகியிருக்கும்? அதற்குக் கொலோடியன் காயாது.

பழைய நெகட்டிவ்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் கடையிலும் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெயர்தான் எழுதினோம், சமையல்காரர் பெயரை எழுதியதில்லை.

கேத்திக்காரன்:
சரி, சிவப்பு விஷயத்தை அந்தக் குழுவில் போய் எழுதிவிட்டேன். அட்மின் என்னை நீக்கிவிட்டார்.