30 நாள் மணி பேக் கேரண்டி என்று விற்றுவிட்டு இப்போது கூப்பன்தான் தருவோம் என்கிறார்கள், என்ன செய்யலாம்?

மலர், திண்டுக்கல்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு முழங்கால் வலி. இன்ஸ்டாகிராமில் அடிக்கடி வந்த விளம்பரத்தைப் பார்த்து, சூடு கொடுக்கிற முழங்கால் மசாஜர் ஒன்றை அந்தக் கம்பெனியின் சொந்த வெப்சைட்டிலேயே வாங்கினோம். 4,799 ரூபாய், என் டெபிட் கார்டில் கட்டினேன். விளம்பரத்திலும் சரி, வெப்சைட்டிலும் சரி, "30 நாள் மணி பேக் கேரண்டி, கேள்வியே கேட்க மாட்டோம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஒரு முறை சார்ஜ் போட்டால் ரெண்டு மணி நேரம் ஓடும் என்றும் போட்டிருந்தார்கள். வந்த பொருளோ இருபது நிமிஷத்தில் அணைந்துவிடுகிறது, வலது பக்கப் பட்டை சூடாவதே இல்லை.

கெடு முடிய நிறைய நாள் இருக்கும்போதே மெயில் அனுப்பினேன். முதலில் பார்சல் பிரித்த வீடியோ இருந்தால்தான் ரிட்டன் என்றார்கள், வாங்கும்போது அப்படி ஒரு நிபந்தனை எங்கேயும் இல்லை. விடாமல் எழுதியதும், உங்கள் பின்கோடுக்கு ரிவர்ஸ் பிக்கப் கிடையாது, நீங்களே கூரியர் போடுங்கள் என்றார்கள். போட்டேன், ரசீது இருக்கிறது, அவர்கள் வாங்கிக்கொண்டதும் டிராக்கிங்கில் தெரிகிறது. இப்போது என்னவென்றால் பணமாகத் தர முடியாதாம், அதே தொகைக்கு ஸ்டோர் கிரெடிட் கூப்பன் தருவார்களாம், ஆறு மாதத்துக்குள் அவர்களிடமே எதையாவது வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அப்பாவின் குடும்ப பென்ஷனில் இருந்து அம்மா எடுத்துக் கொடுத்த பணம் அது. பொருளும் அவர்களிடம், பணமும் அவர்களிடம். போன் போட்டால் எடுப்பதில்லை. யாரிடம் புகார் கொடுப்பது? கேஸ் போட்டால் அந்தக் கம்பெனி இருக்கிற ஊருக்கு அலைய வேண்டுமா?

செந்தில், கோவை:

அக்கா, முதலில் அந்தக் கூப்பனை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அவர்கள் அனுப்பும் லிங்க்கில் 'அக்செப்ட்' அழுத்தினால் விஷயம் முடிந்துவிட்டது என்று அதையே காட்டுவார்கள். "கூப்பன் வேண்டாம், கட்டிய கார்டுக்கே பணம் வர வேண்டும்" என்று ஒரே வரியில் மெயில் போடுங்கள்.

அப்புறம், கார்டில் கட்டியது நல்லதாகப் போயிற்று. பேங்குக்கு நேரில் போய் டிஸ்ப்யூட் ஃபார்ம் கேளுங்கள். சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தைப் பேங்க் மூலமாகவே திரும்பக் கேட்பது, என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டேன், கடைக்காரர் பணம் தரவில்லை என்பது தனி வகைப் புகார், கூரியர் டெலிவரி பதிவுதான் அதற்கு முக்கியமான ஆதாரம். இதற்குக் காலக்கெடு உண்டு, அதனால் கம்பெனி பதில் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். பேங்க் ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ, சரியான காரணம் சொல்லாமல் தட்டிக் கழித்தாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் புகார் கொடுக்கலாம், காசு செலவில்லை.

ரஃபி, மதுரை:

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன் சகோதரி. போன் எடுக்கவில்லை என்று கூகிளில் அந்தக் கம்பெனியின் கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீர்கள். மேலே வருவதில் போலி நம்பர்களும் இருக்கும். ரீஃபண்ட் போடுகிறோம் என்று சொல்லி திரையைப் பகிரும் ஆப்பை இறக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் யுபிஐ பின் போடச் சொல்வார்கள். பணம் நமக்கு வருவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை, அந்த நம்பரைப் போட்டால் பணம் போகும். எங்கள் தெருவில் ஒருவருக்கு ரீஃபண்டைத் தேடப் போய் கணக்கில் இருந்ததும் போய்விட்டது. அப்படி ஏதாவது நடந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

தேவி, திருச்சி (நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வக்கீல்):

மலர், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். உங்களுக்குத் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்குமான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி என்ற அரசின் நுகர்வோர் வழக்குத் தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வீடியோவில் விசாரிக்கச் சொல்லி மனுக் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

உங்கள் விஷயத்தில் ரெண்டு பிடி இருக்கிறது, ரெண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். பொருள் பழுது, விளம்பரத்தில் சொன்ன மாதிரியும் இல்லை. 2020-ன் மின்வணிக விதிகள், பழுதான அல்லது விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. அன்பாக்சிங் வீடியோ என்ற பேச்சே அந்த விதிகளில் கிடையாது. ரெண்டாவது, அந்தக் கேரண்டி. பொருள் நன்றாக இருந்து, எனக்குப் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தால், அதை எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கடைக்காரரைக் கட்டாயப்படுத்தவில்லை. நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். ஆனால் பிடிக்காவிட்டாலும் பணம் தருகிறேன் என்று அவரே விளம்பரம் செய்துவிட்டால் அது அவரைக் கட்டும், கொடுத்த கேரண்டி பொய் என்றால் அந்த விளம்பரமே சட்டத்தின் 2(28) பிரிவில் தவறான விளம்பரம் ஆகிவிடும். அதனால் அந்த விளம்பரம்தான் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆவணம். கம்பெனி அதை அழிப்பதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விளம்பரம் இன்னும் ஓடுகிறது என்றால் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் விளம்பரங்களைக் காட்டும் மெட்டா ஆட் லைப்ரரியில் கம்பெனிப் பக்கத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும், தேதி தெரிகிற மாதிரி எடுங்கள்.

கூப்பன் விஷயத்துக்கு ஒரு முன்னுதாரணமும் இருக்கிறது. ஓலா டாக்சியில் ரீஃபண்ட் என்றால் அடுத்த பயணத்துக்கான கூப்பன் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் (சிசிபிஏ), பணம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டுமா கூப்பனாக வேண்டுமா என்பதை வாடிக்கையாளரே தேர்வு செய்ய வழி வைக்கச் சொல்லி உத்தரவு போட்டது. உங்கள் நோட்டீஸில் இதைக் குறிப்பிடுங்கள்.

மலர், திண்டுக்கல்:

ரொம்ப நன்றி தேவி மேடம். நோட்டீஸ் அனுப்ப முகவரிதான் சிக்கல். வெப்சைட்டில் மெயிலும் வாட்சப் நம்பரும் தவிர எதுவும் இல்லை.

தேவி, திருச்சி:

இன்வாய்ஸை எடுங்கள். 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும். முதல் ரெண்டு இலக்கம் மாநிலம்: 33 என்றால் தமிழ்நாடு, 27 மகாராஷ்டிரா, 07 டெல்லி. ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் சட்டப்படியான பெயரும் தொழில் நடக்கும் முகவரியும் வரும். வெப்சைட்டில் இருக்கும் பிராண்ட் பெயர் வேறாக இருக்கும், வழக்கை அந்தச் சட்டப் பெயரில்தான் போட வேண்டும். விற்பவர் தன் முகவரியையும் குறைதீர் அதிகாரி பெயரையும் வெளியிட வேண்டும் என்பதும் அதே மின்வணிக விதிகளில் இருக்கிறது, வெளியிடவில்லை என்பதையும் புகாரில் சேருங்கள்.

நோட்டீஸ் சிக்கலான மொழியில் வேண்டாம். "இந்தத் தேதியில் இந்த ஆர்டர், இந்த உறுதிமொழியை நம்பி வாங்கினேன், பொருள் இப்படிப் பழுது, கெடுவுக்குள் தெரிவித்தேன், இந்தத் தேதியில் நீங்கள் திரும்பப் பெற்றுக்கொண்டீர்கள். 15 நாளுக்குள் 4,799 ரூபாயும் கூரியர் செலவும் வராவிட்டால் திண்டுக்கல் ஆணையத்தில் வழக்கு." இவ்வளவு போதும். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், மெயிலிலும் போடுங்கள். அதே நாளில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம், புகார் எண் தருவார்கள். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை, கம்பெனியிடம் பேசிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆனாலும் அந்த எண் வழக்கில் உதவும்.

மலர், திண்டுக்கல்:

அப்டேட். ஜிஎஸ்டி தளத்தில் முகவரி கிடைத்தது, நோட்டீஸ் போனது, பேங்க்கிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நோட்டீஸ் கிடைத்த மறுநாளே அவர்களாகவே போன் செய்தார்கள். ஹேண்ட்லிங் சார்ஜ் 750 ரூபாய் பிடித்துக்கொண்டு 4,049 தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்று முதலில் மெயில் அனுப்புங்கள் என்கிறார்கள். அம்மா, வந்தவரைக்கும் போதும் விட்டுவிடு என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

தேவி, திருச்சி:

பணம் வரும் முன்னால் வாபஸ் மெயில் அனுப்பவே அனுப்பாதீர்கள். கேள்வியே கேட்க மாட்டோம் என்ற கேரண்டியில் பிடித்தம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, பொருள் வேறு பழுது. "4,049 அனுப்பினால் பெற்றுக்கொள்கிறேன், ஆனால் மீதிக்கும் கூரியர் செலவுக்குமான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று பதில் எழுதுங்கள். பணம் எவ்வளவு வந்தாலும் அதைப் பேங்க்குக்குச் சொல்லிவிடுங்கள், டிஸ்ப்யூட் நடக்கும்போது மறைத்தால் உங்களுக்குத்தான் கெட்ட பெயர். 15 நாள் முடிந்ததும் இ-ஜாக்ரிதியில் போடலாம், மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேளுங்கள். தாக்கல் செய்யும் முன்னால் வரைவை இங்கே போடுங்கள், பெயர், கார்டு நம்பர் எல்லாம் மறைத்துவிட்டு. பார்த்துச் சொல்கிறேன்.