பழைய வேனின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: இறக்கிப் பிரிப்பதற்கு முன் நீங்கள் கண்டறிந்தவை

தச்சு வேலை, சொந்த வேன்

கருவிகளும் பலகைகளும் ஏற்றிச் செல்லும் என் வேனுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது; நான்கு கியர் ஆட்டோமேட்டிக். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்தபடி சிறு ஏற்றத்தில் போகும்போது, வேகத்தடைக் கோடுகளின் மேல் ஓடுவதுபோல வண்டி முழுவதும் சில நொடிகள் அதிரத் தொடங்கியது. காட்டிய பட்டறையில், வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதிர்வு எந்த நிலையில் வருகிறது என்று கவனித்தேன். என்ஜின் சூடேறுமுன் வரவில்லை. கீழ்க் கியர்களில் வரவில்லை. என்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள், இரண்டையும் நேராகப் பிணைக்க இருக்கும் லாக்கப் கிளட்ச் பிடிக்கும் வேகத்தில் மட்டுமே வந்தது. அந்த நேரத்தில் வலது காலை அசைக்காமல், இடது காலால் பிரேக் பெடலைப் பின்விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டால், பிரேக் சுவிட்சின் சைகையைக் கண்டு கணினி லாக்கப்பை விடுவித்துவிடும். வெறிச்சோடிய சாலையில் அப்படித் தொட்டபோது ஆர்பிஎம் முள் சட்டென மேலே ஏறியது, அதிர்வும் அடங்கியது.

கியர்பாக்ஸ் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தேன். ஆயில் சிவப்பு மங்கிப் பழுப்பாகியிருந்தது. ஆனால் கருகிய வாடையோ துகளோ இல்லை. லாக்கப் கிளட்ச் திக்கித் திக்கிப் பிடிக்காமல் சீராகப் பிடிப்பதற்கென்று ஆயிலில் சேர்க்கப்படும் பொருள் காலப்போக்கில் தீர்ந்துபோகும் என்று படித்திருந்ததால், வண்டியின் கையேட்டில் குறித்த அதே வகை ஆயிலை வாங்கி, ஃபில்டரையும் மாற்றினேன். அடித்தட்டைக் கழற்றினால் வடிவது ஒரு பகுதிதான், கன்வெர்ட்டருக்குள் பழையது தங்கிவிடும் என்பதால், சில நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றினேன். அதற்குப் பிறகு அதிர்வு வரவில்லை. இதைப் போன்ற அனுபவம் உள்ளவர்கள், என்ன பழுது என்பதோடு எந்த நிலையில் வந்தது என்பதையும் சேர்த்து எழுதினால் பலருக்கும் உதவும்.

பார்சல் வேன் ஓட்டுநர்

அண்ணா, நீங்கள் சொன்ன பிரேக் சோதனையை நானும் செய்தேன், அதிர்வும் நின்றது. ஆனால் என் வண்டியில் கோளாறு கியர்பாக்ஸில் இல்லை. லாக்கப் பிடித்திருக்கும்போது என்ஜினும் கியர்பாக்ஸும் நேராகப் பிணைந்துவிடுவதால், ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் போனாலும் அந்த உதறல் அப்படியே வண்டிக்கு வந்து சேர்கிறது. லாக்கப் விடுபட்டதும் இடையிலுள்ள ஆயில் அந்த உதறலை வாங்கிக்கொள்கிறது. ஆகவே இரண்டு கோளாறுகளுக்கும் இந்தச் சோதனை ஒரே பதிலைத்தான் தரும்.

எங்களுக்கு உண்மையைக் காட்டியது, வண்டியின் கணினியில் உள்ளதைப் படிக்கும் ஸ்கேனர். ஓடும் வண்டியில் ஒவ்வொரு சிலிண்டரும் எரியத் தவறிய மிஸ்ஃபயர் எண்ணிக்கையைப் பார்த்தபோது, சுமை ஏறும்போதெல்லாம் ஒரே சிலிண்டரின் எண் மட்டும் கூடிக்கொண்டே போனது. அந்தச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் ஒயரில், உறை வெடித்த இடத்தில் மின்பொறி தாவிய சாம்பல் நிறக் கோடு தெரிந்தது. ஒயரும் பிளக்கும் மாற்றியதோடு தீர்ந்தது. மிஸ்ஃபயர் எண்கள் அசையாமல் இருக்க, கன்வெர்ட்டரின் நழுவல் அளவு மட்டும் ஏறி இறங்கினால்தான் லாக்கப் கிளட்சைச் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கருத்து.

மின்பணியாளர்

என் அனுபவம் வேறு வகை. சூடான பிறகு, நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போது வண்டி மூன்றாம் கியரிலேயே முக்கி முனகிக் கிளம்பும். டி-க்கு லீவரைத் தள்ளினால் உள்ளே சம்மட்டியால் அடித்தாற்போல் இடிக்கும். என்ஜினை அணைத்து மறுபடி கிளப்பினால் சிறிது தூரம் ஒழுங்காக ஓடும். இந்தக் கடைசி அறிகுறிதான் எனக்கு நம்பிக்கை தந்தது, ஏனெனில் தேய்ந்துபோன கிளட்ச் பிளேட் சாவியைத் திருப்பியதால் குணமாவதில்லை.

மின்கட்டுப்பாடு கொண்ட இவ்வகை கியர்பாக்ஸில், கோளாறு கண்டதும் கணினி, ஆயில் வழிகளைத் திறந்து மூடும் மின் வால்வுகளான சோலனாய்டுகளுக்கான மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அப்போது எந்தக் கியர் மிஞ்சும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். என் வண்டியில் மூன்றாவது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டுக்கும் மின்சாரம் இல்லாததால் ஆயில் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. கிளட்ச் நழுவி எரிந்துவிடாமல் காப்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். இடிப்பதற்குக் காரணம் அதுவே. ஸ்கேனரில் பி0700 என்ற கோளாறுக் குறியீடு மட்டும் வந்தால் அது ஓர் அறிவிப்பு மட்டுமே, உண்மையான குறியீடு கியர்பாக்ஸ் பக்கத்து நினைவகத்தில் இருக்கும். அதைப் படிக்கும் வசதியுள்ள ஸ்கேனர் வேண்டும். பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே படித்துவிடுங்கள், கழற்றினால் பல வண்டிகளில் அழிந்துவிடும்.

அடித்தட்டைத் திறக்காமலே, கியர்பாக்ஸின் பக்கவாட்டிலுள்ள கனெக்டரில் மீட்டர் வைத்து ஒவ்வொரு சோலனாய்டின் ஓம் அளவையும் பார்த்தேன். என் வண்டியில் கியர் மாற்றும் சோலனாய்டுகளுக்கு 20 முதல் 30 ஓம் வர வேண்டும். குளிரிலும் சூட்டிலும் சரியாகவே வந்தது. எனவே ஒயரிங்கைப் பின்தொடர்ந்தேன். எக்ஸாஸ்ட் குழாய்க்கு மேலே ஒயர்க்கட்டைப் பிடித்திருந்த கிளிப் உடைந்து, கட்டு குழாயின் மேல் சாய்ந்து, ஓர் ஒயரின் உறை உருகிச் செம்பு பளபளத்தது. அதைச் சரிசெய்து, புதுக் கிளிப் போட்டு விலக்கிக் கட்டினேன். பூமி இணைப்பையும் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜையும் பார்க்காமல் சோலனாய்டு வாங்குவது வீண் செலவு என்பதை அழுத்தமாகச் சொல்வேன்.

கியர்பாக்ஸ் மெக்கானிக்

தம்பிமார் எழுதியவை மின்கட்டுப்பாட்டு வண்டிகளுக்குப் பொருந்தும். அதற்கும் முந்தைய வேன்களில், என்ஜினின் உறிஞ்சு விசையை (வேக்குவம்) வைத்துச் சுமையைக் கியர்பாக்ஸுக்கு உணர்த்தும் வேக்குவம் மாடுலேட்டர் என்ற சிறு டப்பா இருக்கும். ஆயில் குறைந்துகொண்டே போகிறது, தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை, புகைக்குழாயில் வெள்ளைப் புகை என்று ஒரு வண்டி வந்தது. என்ஜின் வேலைக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். மாடுலேட்டரில் செருகியிருந்த ரப்பர் குழாயைப் பிடுங்கியதும் உள்ளிருந்து சிவப்பு ஆயில் வழிந்தது. டப்பாவுக்குள் இருக்கும் சவ்வு கிழிந்து, என்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழாய் வெடித்து வேக்குவம் போனாலோ, கியர்பாக்ஸ் முழுச் சுமை இருப்பதாகக் கொண்டு தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் கியர் மாற்றும்.

காலையில் முதல் தடவை மட்டும் கியர் தாமதமாகப் பிடித்து, சூடானதும் சரியானால், இறுகிப்போன சீல்களையோ, இரவில் கன்வெர்ட்டரிலிருந்து வடிந்துவிடும் ஆயிலையோ நினைக்கிறேன். குளிரில் நன்றாக ஓடி, சூட்டில் நழுவினால் பம்பின் தேய்மானத்தையும் உட்கசிவையும் நினைக்கிறேன், ஏனெனில் ஆயில் இளகியதும் அழுத்தம் நிற்பதில்லை. எதுவானாலும் முதலில் அளவைப் பாருங்கள்: சமதளம், சூடான ஆயில், ஓடும் என்ஜின், கையேடு சொல்லும் லீவர் நிலை. அளவு கூடினாலும் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கிவிடும், அப்போதும் நழுவும்.

அடித்தட்டில் காந்தத்தின் மேல் சாம்பல் நிறத்தில் மென்மையான பசை இருந்தால் அஞ்ச வேண்டாம். தட்டில் கரும் துகள் படலமாகவோ, மஞ்சள் உலோகச் செதிலாகவோ இருந்தால் பிரித்தே ஆக வேண்டும். ஆயில் பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், இழுத்து வாருங்கள், கிளட்ச் பிளேட்டின் ஒட்டு தண்ணீர் பட்டால் விட்டுவிடும்.

தச்சு வேலை, சொந்த வேன்

நன்றி ஐயா. இரண்டாம் முறை ஆயில் மாற்றியபோது காந்தத்தில் நீங்கள் சொன்ன அந்தச் சாம்பல் பசையே இருந்தது, செதில் எதுவும் இல்லை. பார்சல் வேன் ஓட்டும் தம்பி சொன்னபடி, மறுபடியும் அதிர்வு வந்தால் ஆயிலுக்குப் போவதற்கு முன் மிஸ்ஃபயர் எண்களைப் பார்க்கிறேன்.